அண்ணி பேசாத நேரம்

என் அண்ணிக்குப் பேசுவதுதான் வேலை. தன் பேச்சை அல்ல, அடுத்தவர்களுடைய பேச்சை. மருத்துவமனையில் டாக்டருக்கு நோயாளியின் தமிழ் தெரியாது, நோயாளிக்கு டாக்டரின் மொழி வராது என்றால், டாக்டர் தன் மேசையில் உள்ள திரையில் ஒரு பொத்தானை அழுத்துவார். எங்கள் வீட்டின் கடைசி அறையில் அண்ணியின் கணினி மணியடிக்கும். அண்ணி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் பெயரைச் சொல்லாமல் தன் எண்ணைச் சொல்வார். அதன் பிறகு அங்கே அவர் இல்லை. நோயாளி "எனக்கு" என்றால் அண்ணியும் "எனக்கு" என்பார். டாக்டர் "நான்" என்றால் அண்ணியும் "நான்". அதுதான் அந்த வேலையின் சட்டம்.

இந்த நாட்டுக்கு அவர் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் கண்ணாடி வில்லைகளைப் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டும் வேலை. அங்கே நம்மவர் யாருக்காவது கையில் அடிபட்டால் மருத்துவமனைக்கு அண்ணியைத்தான் துணைக்கு அனுப்புவார்கள். "எனக்கு ரெண்டு வாக்கியம்தான் தெரியும். மூணாவதைக் கையாலதான் சொன்னேன்" என்பார். அப்புறம் மாலை வகுப்பு, தேர்வு. முதல் தடவை தோற்றார். மண்ணீரலுக்கு அந்த மொழியில் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார்கள். "அவங்க வார்த்தையும் தெரியல, நம்ம வார்த்தையும் தெரியல. உடம்புல அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும் தம்பி." அடுத்த வருடம் தேறிவிட்டார்.

அவரிடம் ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வலியைப் பற்றி நம் ஆட்கள் சொல்லும் சொற்கள் அதில் வரிசையாக இருக்கும். குத்துது, கடுக்குது, இழுக்குது, சுருக்குனு பிடிக்குது, விண்விண்ணுனு தெறிக்குது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அந்த மொழியில் மூன்று நான்கு வார்த்தைகள், சிலது அடித்துத் திருத்தப்பட்டு. "வயித்துல என்னவோ பண்ணுது" என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஆறு வருடமாகியும் அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அண்ணன் பேருந்து ஓட்டுகிறான், விடியுமுன் கிளம்பிவிடுவான். நான் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் இருக்கிறேன். பகலில் வீட்டில் அண்ணியும் எங்கள் அப்பாவும்தான். அப்பாவுக்கு மருமகள் பேரில் கொஞ்சம் பெருமை, நிறைய பயம். அப்பா ஊரிலிருந்து வந்த புதிதில் அண்ணியின் அறையிலிருந்து பேச்சு தெளிவாகவே கேட்கும். ஆனால் அப்பாவுக்குப் புரிந்தது பாதிதான். நோயாளி சொல்வதை அண்ணி அந்த மொழியில் சொல்வார், அது அப்பாவுக்குத் தெரியாது. டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வார், அது நன்றாக விளங்கும். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தன் மருமகள் நாள் முழுக்க வைத்தியம் பார்ப்பதாகத்தான் தோன்றியது. "நான் உங்களுக்கு ஒரு மாத்திரை எழுதித் தரேன். உப்பைக் குறைச்சுக்குங்க." அப்பாவும் உப்பைக் குறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணியை அவர் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அடுத்தவர் நோய் சுவர் தாண்டக்கூடாது என்று அண்ணி கதவில் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வையைத் தொங்கவிட்டு, மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார். இப்போது வார்த்தை கேட்காது. குரலின் இரைச்சல் மட்டும் கூடத்துக்கு வரும், பக்கத்து வீட்டு வானொலி மாதிரி.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. உங்கள் ரூட்டருக்குப் புதிய மென்பொருள் தயார், ஒரு பாதுகாப்புக் குறைபாடு சரிசெய்யப்பட்டுள்ளது. சொந்த ஊராக இருந்திருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். பிழைக்க வந்த இடத்தில் எந்த அறிவிப்பையும் அலட்சியம் செய்ய எனக்குத் துணிவு வந்ததில்லை. வாசலில் அரசாங்கத்தின் நீளமான வெள்ளை உறை கிடந்தாலே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பிரித்துப் படிப்பேன். பொத்தானை அழுத்தினேன். ரூட்டரின் விளக்குகள் ஏழு நிமிடம் சிமிட்டிவிட்டுப் பச்சைக்கு வந்தன. நல்ல காரியம் செய்த திருப்தியில் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை அண்ணியின் அழைப்பு ஐந்து தடவை அறுந்தது.

மாலை நான் வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியை எவன்டா பிரிச்சது?"

"செக்யூரிட்டி அப்டேட்ணா. போடலைன்னா திருட்டு நடக்கும்னான்."

"நம்ம வீட்ல திருட என்னடா இருக்கு? அப்பாவோட மாத்திரை டப்பாவா?"

"அதை எடுத்துட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்றார் அப்பா.

அண்ணி சிரிக்கவில்லை. "கட் ஆனா நான் சீட்டை விட்டு எழுந்திரிக்க முடியாது தம்பி. திரும்ப லைன் வந்த உடனே நான் அங்க இருக்கணும். அதனால மாமாகிட்ட சொல்லியிருந்தேன், போச்சுன்னா நீங்க அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு. பாவம், மத்தியானம் முழுக்க அது பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

"முப்பது எண்ணித்தான் போட்டேன்" என்றார் அப்பா. முப்பது எண்ண வேண்டும் என்று எப்போதோ நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ரூட்டரிலிருந்து கணினிக்குக் கம்பி போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அலுவலகம் கொடுத்த கணினியில் கம்பி செருக வாயில்லை. வெளியிலிருந்து எதையாவது மாட்டினால் அது ஏற்றுக்கொள்ளாது. கைப்பேசியின் இணையத்தில் வேலை செய்யவும் அனுமதி இல்லை, நோயாளிகளின் ரகசியம். ஆகவே ரூட்டரைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

சேவை மையத்துக்கு அழைத்தேன். கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசிய ஒரு பெண், அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டாள். நானும் மூன்று விதமாகப் பார்த்தோம் என்றேன். கடைசியில், ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவில் எத்தனை சுவர் என்றாள். இரண்டு என்றதும் அவள் குரல் விழித்துக்கொண்டது. முன்பு எங்கள் ரூட்டர் இரண்டு பெயரில் அலை வீசும். ஒன்று வேகமானது, தூரம் போகாது. மற்றொன்று மெதுவானது, சுவர் தாண்டும். புதிய மென்பொருள் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டு, யார் எதில் இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்கிறது. அண்ணியின் அறை சரியாக இரண்டுக்கும் எல்லையில். கணினி அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் ஓர் அழைப்பு அறுந்தது.

அவள் சொன்னபடி அமைப்புகளுக்குள் போய் இரண்டையும் மறுபடி பிரித்தேன். சுவர் தாண்டும் அலைக்கு "கடைசி அறை" என்று பெயர் வைத்து, அண்ணியின் கணினியை மட்டும் அதில் கட்டிப் போட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி உள்ளேயும் நான் கூடத்திலும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிப் பார்த்தோம். அறுபடவில்லை.

"இனிமே ரீஸ்டார்ட் எதுவும் வேணாம் அண்ணி. தொடாம விட்டாப் போதும்" என்றேன். அண்ணி பெருமூச்சு விட்டார். அப்பா அதற்குள் படுக்கப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை அறுந்தது.

எனக்கு அலுவலகத்தில் கணக்கே ஓடவில்லை. வீட்டுக்கு வந்து ரூட்டரின் பதிவேட்டைத் திறந்தேன். அதில் ஒன்றும் இல்லை. மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும் ரகம் அது. என்ன நடந்தது என்று அண்ணியைக் கேட்டால், "பேசிட்டிருக்கும்போதே போச்சு. ரெண்டு மூணு நிமிஷத்துல வந்துச்சு. மாமா ரீஸ்டார்ட் பண்ணியிருப்பாரு" என்றார். அப்பாவைக் கேட்டால், "ஆமாம், போச்சு. போட்டேன். வந்துது" என்றார். இரண்டும் பொருந்தித்தான் வந்தது.

அன்று மாலை மேற்பார்வையாளரின் கடிதம் வந்தது. அண்ணி அதை எனக்குப் படித்துக் காட்டினார், வேலைப் பழக்கத்தில், தமிழில், "நான்" என்றே. "இரண்டு நாளில் எட்டு அழைப்புகள் அறுந்திருப்பதை நான் கவனித்தேன். இது தொடர்ந்தால் வெள்ளிக்கிழமை முதல் உங்களை மருத்துவமனை வரிசையிலிருந்து பொது வரிசைக்கு மாற்ற வேண்டியிருக்கும். வருந்துகிறேன்." படித்துவிட்டுத் தன் குரலுக்கு வந்தார். "இவங்க எங்க வருந்துறாங்க."

பொது வரிசை என்றால் மின்கட்டணம், பள்ளிக்கூடப் படிவம், வாடகைத் தகராறு. அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் அண்ணி ஆறு வருடமாக அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதியது அதற்காக அல்ல. அதோடு வியாழன் காலை பத்தரைக்கு ஒரு டாக்டர் அண்ணியின் எண்ணைச் சொல்லி முன்பதிவு செய்திருந்தார். யாருக்கு, என்ன நோய் என்றெல்லாம் அண்ணி சொல்லமாட்டார். "ரெண்டு மாசமா நான்தான் அவங்களுக்குப் பேசறேன். நடுவுல புது ஆள் வந்தா மறுபடி முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். கூடத்தில் என் கணினியைத் திறந்து, வினாடிக்கு ஒரு தடவை ரூட்டரை "இருக்கியா" என்று கேட்கும்படி வைத்தேன். "இருக்கேன்" என்று வரிவரியாகப் பதில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வினாடியில், எப்படி அறுகிறது என்று இன்றைக்குப் பிடித்தே தீருவது. ரூட்டர் அலமாரியின் நடுத் தட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா செய்தித்தாளோடு. உள்ளே அண்ணியின் குரல் இரைந்துகொண்டிருந்தது.

பதினொன்றேகால் இருக்கும். அண்ணியின் குரல் நின்றது.

நான் திரையைப் பார்த்தேன். இருக்கேன், இருக்கேன், இருக்கேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். கதவைப் பார்த்தார். காதைச் சற்றுத் திருப்பினார். ஐந்தாறு மூச்சு விடும் நேரம் அப்படியே இருந்தார். பிறகு, தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவர்போல, பார்க்காமலேயே அலமாரியின் பின்னால் கையை விட்டார். டக் என்றது. என் திரையில் பதில் நின்றது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"எண்ணிட்டிருக்கேன், பேசாதே." உதடு அசைந்தது. "பதினொண்ணு, பன்னிரண்டு..."

எனக்கு எழுந்திருக்கவும் தோன்றவில்லை. முப்பது ஆனதும் சுவிட்சைப் போட்டுவிட்டு, கடமை முடிந்தவராகச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். கதவு திறந்தது. அண்ணி ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

"திரும்பப் போச்சு தம்பி. பாத்தீங்களா, எப்படிப் போச்சுன்னு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அண்ணியும் அப்பாவைப் பார்த்தார்.

"உன் சத்தம் நின்னுது. லைன் போச்சுன்னு அணைச்சுப் போட்டேன்" என்றார் அப்பா. "நீதானேம்மா சொன்ன?"

அண்ணி மெதுவாக வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "நேத்தும் அப்படித்தானா மாமா? மூணு தடவையும்?"

"நாலு தடவ கை வெச்சேன். ஒரு தடவ நீயே பேச ஆரம்பிச்சுட்ட, விட்டுட்டேன்."

திங்கட்கிழமை அறுந்தது ரூட்டரால். அன்று இரவே அது சரியாகிவிட்டது. அப்பாவுக்குக் கொடுத்த வேலையை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. சரிசெய்துவிட்டேன் என்று நான் அண்ணியிடம் சொன்னேன், அண்ணனிடம் சொன்னேன், கிடங்கில் பக்கத்து மேசைக்காரனிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

"நான் பேசலைன்னா லைன் போச்சுன்னு அர்த்தம் இல்ல மாமா" என்றார் அண்ணி. குரலில் கோபம் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத கோபம். "டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டிருப்பாரு. இல்ல கம்ப்யூட்டர்ல எதையாவது தட்டிட்டிருப்பாரு. இல்லன்னா அந்தப் பக்கம் யாராவது அழுதுட்டிருப்பாங்க. அழுது முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது."

"அழற ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"டாக்டர் சொன்னா சொல்வேன். அவர் சொல்லலைன்னா நானும் சொல்லக் கூடாது."

"இதென்னம்மா வேலை."

"முதல் வருஷம் எனக்கும் தாங்கல. ஒரு அம்மா அழுதாங்க. டாக்டர் சும்மா உக்காந்திருந்தாரு. நான் பாட்டுக்கு, கவலைப்படாதீங்கம்மா எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டேன். அப்புறம் டாக்டர் கேட்டாரு, நீ இப்ப என்ன சொன்னன்னு. சரியாகும்னு நான் எப்பச் சொன்னேன்னு கேட்டாரு. அந்தம்மா அதை டாக்டர் வாக்குன்னு நம்பிட்டாங்க மாமா. அவரே உக்காந்து, இல்லம்மா, அப்படி இல்லன்னு சொன்னாரு. அதையும் நான்தான் தமிழ்ல சொன்னேன்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்போ இப்ப, நான் அணைச்சப்போ, அங்க யாராவது அழுதுட்டு..."

அதை அண்ணி சொல்லவும் கூடாது. ஆனால் அப்பா அவர் முகத்தைப் பார்த்து எதையோ தெரிந்துகொண்டு, நாற்காலியை அலமாரியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார்.

மேற்பார்வையாளர் மத்தியானமே அழைத்துவிட்டார். அண்ணி கூடத்திலேயே நின்று பேசினார். அந்த மொழி எனக்கும் தெரியும் என்பதால் சொல்கிறேன், அவர் அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரூட்டர் திங்கட்கிழமையே சரியாகிவிட்டது, அதன் பிறகு அறுந்ததெல்லாம் தன் கவனக்குறைவு, வீட்டில் சொல்ல வேண்டியதைத் தான் சரியாகச் சொல்லவில்லை என்றார். வியாழன் ஒரு நாள் பார்க்கலாம், முன்பதிவு செய்த அழைப்பு அறுந்தால் வெள்ளி முதல் பொது வரிசை என்று முடிவானது.

வியாழன் காலை நான் மறுபடி விடுப்பில் இருந்தேன். ஒன்பதரைக்கு என் கைப்பேசி துடித்தது. உங்கள் ரூட்டருக்குப் புதிய திருத்தம் தயார். இணைப்பு அறுபடும் பிரச்சினை இதில் தீர்க்கப்பட்டுள்ளது. என் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஏழு நிமிட வேலைதானே, போட்டுவிட்டால் நிம்மதியாக இருக்குமே.

"என்ன தம்பி அது?" என்றார் அண்ணி.

காட்டினேன். அவர் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, அப்பாவிடம் கொடுத்தார். "மாமா, இதை வெச்சுக்குங்க. நான் வெளியில வர்ற வரைக்கும் இவர் கையில கொடுக்காதீங்க."

"அப்பா வேணும்னா கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமே அண்ணி" என்றேன் நான்.

"அவர் இங்கயே இருக்கட்டும். உங்களைத்தான் அனுப்பலாம்னு பாத்தேன்."

அப்பா கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

பத்தரைக்கு மணி அடித்தது. ரஜாயின் பின்னால் குரல் இரைய ஆரம்பித்தது. நிதானமான குரல். ஒரு மொழி, பிறகு மற்ற மொழி. வார்த்தை கேட்காவிட்டாலும் எது டாக்டர், எது நோயாளி என்று ஓட்டத்தை வைத்து எனக்குத் தெரிந்தது. டாக்டர் இன்றைக்குச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். பத்து ஐம்பதுக்கு ஒரு வாக்கியம், தமிழ் ஓட்டத்தில், முடிந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

கூடத்துக் கடிகாரம் சத்தமில்லாத ரகம். குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமியது. அதுவும் நின்றது. நான் அலமாரியைப் பார்த்தேன். விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் பச்சையாக இருந்துகொண்டே அறுவதை நான் திங்கட்கிழமை கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். என் கணினியை அன்று திறந்து வைக்கவில்லை, அது ஏன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திறந்து பார்த்தால் என்ன, பார்ப்பதில் என்ன குற்றம். எழுந்தேன்.

"உக்காரு" என்றார் அப்பா. கதவைப் பார்த்தபடியே, மிகத் தாழ்ந்த குரலில்.

"இல்லப்பா, சும்மா லைன் இருக்கான்னு..."

"அவங்க அழறாங்கடா. உக்காரு."

உட்கார்ந்தேன். அப்பாவின் கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது. அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும், நூறையும் தாண்டியிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, சாவு வீட்டில் ஆண்கள் உட்காருவது மாதிரி, முழங்காலில் கை ஊன்றி வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அண்ணியின் குரல் வந்தது. அந்த மொழியில், நோயாளியின் ஓட்டத்தில், ஒரு சின்னக் கேள்வி. தொடர்ந்து டாக்டரின் பதில் தமிழில். மறுபடி கேள்வி, மறுபடி பதில். இரைச்சல் பழையபடி ஓடத் தொடங்கியது.

பதினொன்று இருபதுக்கு அண்ணி வெளியே வந்தார். நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து நின்றபடியே குடித்தார். முகம் கழுவினார். நாங்கள் இருவரும் சமையலறை வாசற்படி வரை போய் நின்றோம். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அப்பா என்னை முந்திக்கொண்டார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அவங்க கேக்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிச்சாங்களாம்மா?"

"கேட்டாங்க மாமா. கடைசி வரைக்கும் கேட்டாங்க."

"அது போதும்."

அப்பா பையிலிருந்து என் கைப்பேசியை எடுத்து, என்னிடம் தராமல் அண்ணியிடம் நீட்டினார். அண்ணி திரையைப் பார்த்தார். திருத்தத்தைப் போடவா, பிறகு நினைவூட்டவா என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை போடலாம், நான் வேலை பாக்காத நாள்ல. போடறப்போ வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போடுங்க தம்பி" என்று சொல்லி என்னிடம் தந்தார்.

கடைசி அறையில் மணி அடித்தது. அண்ணி முகத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று திரையின் மூலையில் எழுதியிருக்கும்.

"எந்த வரிசை அண்ணி?"

"குழந்தைங்க வார்டு" என்று சொல்லிவிட்டு, ரஜாயை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.